சூடு தெரியாத கால்

தஸ்தகிரி அண்ணனுக்குக் கால் போனதைப் பத்தி எங்க ஊர்ல ஆளுக்கொரு கதை வச்சிருக்காங்க. ஊர்க் கண்ணு பட்டுருச்சுன்னு ஒருத்தி சொல்லுவா. விரதத்துல ஏதோ தப்பு பண்ணிட்டாரு, பீர் சாமி கோவிச்சுக்கிட்டாருன்னு ஒருத்தன் சொல்லுவான். டீக்கடை பெஞ்சுல உக்காந்து இதையே பேசிப் பேசி அவனுங்களுக்கு வாய் தேஞ்சு போச்சு. எல்லாம் சுத்தப் புளுகு. ஒத்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான். அவங்க வீட்டுல தாளிச்சா எனக்குத் தும்மல் வரும். அதனால நான் சொல்றதைக் கேளுங்க.

அண்ணன் தூதேகுல ஆளு, பஞ்சு அடிக்கிற சாயபு ஜாதி. பேரு சாயபு பேரு, வீட்டுல பேசுறது எங்க தெலுங்கு. டவுன் சாயபுங்க இவங்களைத் தங்களோட ஆளுன்னு சேர்க்க மாட்டாங்க. ஊர்ல எங்க ஜனங்களும் சேர்க்க மாட்டாங்க. ரெண்டு பந்தியிலயும் இலை கிடையாது. ஓபுள் ரெட்டியோட கடலை மில்லுல மூட்டை தூக்குற வேலை அவருக்கு, மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்து. அவரு பொண்டாட்டி மாபுன்னியும் நானும் அதே மில்லுல சொத்தைப் பருப்பு பொறுக்கிப் போடுறவங்க. எம் புருஷன் லாரியில அடிபட்டுச் செத்தப்ப, ஆஸ்பத்திரியிலருந்து உடம்பை வாங்கிட்டு வர என் சொந்தக்காரன் ஒருத்தன்கூட வரல. இந்த மனுஷன்தான் வந்தாரு. அன்னைக்கிலருந்து அவரு எனக்கு அண்ணன், மாபுன்னி அண்ணி.

கடலை வந்து எறங்குற காலத்துல மில்லுக்குப் பின்னாடி சிமெண்டுக் களத்துல காயப் போடுவோம். அடிக்கடி திருப்பிவிடணும். குச்சியில திருப்புனா தோல் உடையும்னு காலால துழாவித்தான் திருப்புறது. எங்க அனந்தப்பூர் வெயில்ல அந்தக் களம் எப்படி இருக்கும்? ஒரு சால் ஓட்டிட்டு வந்து நிழல்ல நின்னு காலைத் தூக்கித் தூக்கி ஊதிக்குவானுங்க ஆம்பளைங்க. தஸ்தகிரி அண்ணனும் அப்படித்தான் குதிச்சுக்கிட்டு இருந்தாரு முன்னாடியெல்லாம். அப்புறம் ஒரு வருஷம் பார்த்தா, உச்சி வெயில்ல களத்து நடுவுல நின்னு பீடி பத்த வச்சுக்கிட்டு இருக்காரு. அவசரமே இல்ல.

“என்னண்ணா, காலுல தோலு இருக்கா, இல்ல ரெட்டி வீட்டு டயரை வெட்டி ஒட்டியிருக்கியா?”ன்னு கேட்டேன்.

“பழகிப் போச்சும்மா. களத்துக்கே என்னைப் பார்த்தா இரக்கம் வந்துருச்சு போல,”ன்னாரு.

அந்த வருஷமே ஆளு கொஞ்சம் இளைச்சாரு. தண்ணி தண்ணின்னு குடத்தோட குடிப்பாரு. ராத்திரி நாலு தடவை கதவு கிரீச்சுன்னு தொறக்குற சத்தம் எனக்குக் கேக்கும். வயசாச்சுன்னா மூத்திரப்பை சுருங்கிரும்னு மாபுன்னி சொன்னா. நானும் ஆமான்னேன். யாருக்குத் தெரியும்?

சக்கரை வியாதின்னா எங்களுக்கெல்லாம் அது ரெட்டி வீட்டு வியாதி. ஓபுள் ரெட்டிக்கு அது வந்து அஞ்சாறு வருஷம் ஆச்சு. பெங்களூருக்குக் கார்ல போயி வருவாரு. மில்லு ஆபீஸ்ல, “எனக்குச் சக்கரை போடாம கொண்டாடா,”ன்னு டீக்காரன்கிட்ட சத்தமாச் சொல்லுவாரு. அதுவே ஒரு கெத்து. எங்க அப்பன் ஆத்தா அரிசிச் சோத்தைப் பண்டிகைக்குப் பண்டிகை பார்த்தவங்க. மத்த நாளெல்லாம் கேழ்வரகுக் களி, சோள ரொட்டி. அப்புறம் ரேஷன்ல அரிசி வந்துச்சு, மூணு வேளையும் வெள்ளைச் சோறு தின்ன ஆரம்பிச்சோம். பொண்ணு பார்க்க வந்தவங்களுக்குக் களி போட்டா மானம் போயிரும்னு ஆச்சு. இங்க நாங்க சோறு தின்னு பெரிய மனுஷங்க ஆகிக்கிட்டு இருந்தா, அங்க ரெட்டி வீட்டுல எங்க களியையும் தினையையும் டாக்டர் சொன்னாருன்னு பாக்கெட்டுல வாங்கித் தின்னுக்கிட்டு இருக்காங்க. இந்தக் கூத்தை நெனச்சு நானும் மாபுன்னியும் பருப்பு பொறுக்குறப்ப வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கோம். சிரிச்ச வாயை இப்ப நெனச்சா எரிச்சலா இருக்கு.

எங்க ஊர்ல மொகரத்துக்குச் சாவடியில பீர் சாமியை எறக்குவாங்க. வெள்ளியில செஞ்ச கை அது, கம்புல கட்டிப் பட்டு சுத்தி, பூ போட்டு நிறுத்துவாங்க. ரெட்டி, போயா, தூதேகுல, எல்லா ஜனமும் வெல்லம் கொண்டாந்து, ஓதச் சொல்லி வாங்கித் தின்னும். கடைசி நாள் விடியக்காலம் குண்டத்துல நெருப்பை அள்ளிப் பரப்பி மிதிப்பாங்க. பெரிய பீரைத் தூக்கிக்கிட்டு மொதல்ல எறங்குறது ரெட்டி வீட்டு உரிமை. ஓபுள் ரெட்டியோட தாத்தா எறங்கினாரு, அப்பா எறங்கினாரு, அவரும் எறங்கினாரு. தஸ்தகிரி அண்ணனுக்கு அதுல என்ன வேலை? குண்டத்துக்கு வேலிக்கருவை வெட்டிச் சுமந்துட்டு வந்து போடுற வேலை. சாமி பேரும் சாயபு பேருதான், ஆனா சாயபு பேரு வச்ச இவருக்குக் கட்டை சுமக்குறது மட்டும்தான்.

அப்படி இருக்கையில ஒரு வருஷம் சாமி எறக்குன அன்னைக்கு, ஊரே சாவடி முன்னாடி நிக்கிறப்ப, ஓபுள் ரெட்டி எந்திரிச்சுத் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டாரு.

“எல்லாரும் கேளுங்கப்பா. சாமி எனக்குக் கனவுல வந்தாரு,”ன்னாரு. “‘என் கையை நீ புடிச்சது போதும். நடு வெயில்ல களத்துல கால் மாத்தாம நிக்கிறானே, தஸ்தகிரி, அவன்கிட்டக் குடு’ன்னு சொல்லிட்டாரு. சாமி சொன்ன அப்புறம் நான் யாரு?”

அண்ணன் பின்னாடி கட்டைக் குவியல்கிட்ட கோடாலியோட நின்னுக்கிட்டு இருந்தாரு. தன் பேருதான்னு அவருக்குப் புரியவே இல்ல. மில்லுல அவரை “டேய் தஸ்தா”ன்னுதான் கூப்பிடுவாங்க, லாரி க்ளீனர்கூட. முழுப் பேரை அத்தனை பேரு முன்னாடி யாரும் சொன்னதில்ல. மாபுன்னி ஓடிப் போயி அவரு கையிலருந்த கோடாலியைப் புடுங்கினா. “போய்யா, கூப்பிடுறாங்க!”ன்னு முதுகுல தள்ளினா. அவரு அழுதுக்கிட்டே வந்தாரு.

பத்து நாள் விரதம் இருந்தாரு. செருப்பு இல்ல, கட்டில் இல்ல. வீடு வீடா ஓதிக் குடுத்த வெல்லத்தையும், ரொட்டியில வெல்லம் போட்டுப் பிசைஞ்ச மலீதாவையும் வேண்டாம்னு சொல்ல முடியுமா? வாங்கி வாயில போட்டாரு. கடைசி நாள் விடியக்காலம் குண்டத்துக்கு முன்னாடி வந்து நின்னப்ப அவரு முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்ச ஆளு மாதிரியே இல்ல, நிமிர்ந்து நிக்கிறாரு. பீரைத் தூக்கிக்கிட்டு எறங்கினாரு. மத்தவங்க எல்லாம் நாலு எட்டுல தாண்டி ஓடுவாங்க. ரெட்டிகூட அப்படித்தான். இவரு நடந்தாரு. தெருவுல நடக்குற மாதிரி நடந்து, நடுவுல நின்னு, திரும்பி ஊரைப் பார்த்து, அப்புறம் மெதுவா ஏறினாரு. ஊரு கத்துன கத்துல எனக்குக் காது அடைச்சுப் போச்சு. பொம்பளைங்க ஓடி வந்து கால்ல தண்ணி ஊத்தி விழுந்தாங்க.

“சுட்டுச்சாண்ணா?”ன்னு மெதுவாக் கேட்டேன்.

“தண்ணியில நடந்த மாதிரி இருந்துச்சும்மா. சாமி கூடவே இருந்தாரு,”ன்னாரு. கண்ணு கலங்கி இருந்துச்சு.

அதுக்கப்புறம் அவரு வாழ்க்கையே வேற. மில்லுக் கணக்கப்பிள்ளை “சாமி, நிழல்ல உக்காருங்க,”ங்கிறான். கல்யாண வீட்டுல பிளாஸ்டிக் சேர் போடுறாங்க. ஒருநாள் மில்லுலருந்து வந்தவரு சட்டையைக்கூடக் கழட்டாம, “மாபு, இன்னைக்கு ரெட்டியம்மா வீட்டு டம்ளர்லயே டீ குடுத்துச்சு. நமக்குன்னு தனியா வச்சிருக்குற கண்ணாடி கிளாஸ் இல்ல, எவர்சில்வர் டம்ளரு,”ன்னு சொன்னது சுவரு வழியா எனக்குக் கேட்டுச்சு. அன்னைக்கு அவ அவருக்கு முட்டைக் குழம்பு வச்சா. நாப்பது வருஷமா முதுகுல மூட்டையும் காதுல “டேய்”யுமா இருந்த மனுஷனுக்கு இது எவ்வளவு பெரிசுன்னு, மூட்டை தூக்குனவங்களுக்குத்தான் தெரியும்.

குண்டத்துல பட்ட புண்ணு ஆற ரொம்ப நாள் ஆச்சு. மஞ்சளும் சாவடிச் சாம்பலும் வச்சுக் கட்டினாங்க. வலிக்குதான்னா இல்லம்பாரு.

மறு வருஷம் பங்குனியில எனக்குத் தலை சுத்தி மில்லுலயே விழுந்தேன். ஊர்ல சர்க்கார் சுகாதார வேலை பார்க்குற ஆஷாப் பொண்ணு வீட்டுக்கு வந்து விரல்ல குத்தி மிஷின்ல பார்த்துச்சு. முன்னூத்திச் சொச்சம்.

“அத்தை, உனக்குச் சக்கரை,”ன்னுச்சு.

“அடிப்போடி! சக்கரை வரதுக்கு நான் என்ன ஓபுள் ரெட்டிக்கு அக்காவா?”ன்னேன்.

“அதெல்லாம் ஆளைப் பார்த்து வராது அத்தை. காலு மரத்துப் போகுதா? செருப்பு கழண்டு விழுறது தெரியுதா? நல்லாப் பார்த்துக்கோ. ரொம்ப நாளாக் கவனிக்காம விட்டவங்களுக்கு நெருப்பு சுட்டாக்கூடத் தெரியாது.”

சொல்லிட்டு அது பாட்டுக்கு மிஷினைப் பையில போட்டுக்கிட்டு இருக்கு. குடம் குடமாத் தண்ணி, ராத்திரி கிரீச்சுங்குற கதவு, களத்து நடுவுல பீடி, எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்து நின்னுச்சு. அந்தப் பொண்ணைக் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு நேரா அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணா, கையை நீட்டு. ஒரு சொட்டு ரத்தம்.”

“எதுக்கு?”

“எனக்குச் சக்கரையாம். உனக்கும் இருக்கும்னு தோணுது.”

விழுந்து விழுந்து சிரிச்சாரு. “கேட்டியா மாபு, நமக்கு ரெட்டி வியாதி வந்துருக்காம். இனிமே பெங்களூருக்குக் கார்ல போகலாம்!”

“சிரிக்காதண்ணா. உன் கால்ல உணர்ச்சி இல்ல. அதனாலதான் குண்டத்துல சுடல. அது சாமி இல்ல, வியாதி.”

சொல்லியிருக்கக் கூடாது, இல்ல, வேற மாதிரி சொல்லியிருக்கணும். என் வாய் அப்படி. எதையும் பொத்திப் பொதிஞ்சு பேசத் தெரியாது. அவரு சிரிப்பு அப்படியே நின்னுருச்சு. ஆஷாப் பொண்ணு முகத்தைப் பார்த்தாரு, என் முகத்தைப் பார்த்தாரு.

“ரெட்டிக்கு வந்ததுல ஒரு நியாயம் இருக்கு. நெய்யும் கறியும் தின்னு மெத்தையில படுக்குற உடம்பு. நான் எதைத் தின்னேன் எனக்கு வர?”

“எனக்கு வந்துருக்கே, நான் என்ன நெய்யிலயா குளிச்சேன்?”

“சுங்குலம்மா,”ன்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு, சத்தம் போடல, மெதுவாத்தான். “நான் பொறந்ததுலருந்து என்னை ஒருத்தரும் ஒண்ணுக்கும் தேடுனதில்ல. மூட்டை எறக்கத்தான் தேடுவாங்க. சாமி தேடியிருக்காரு. அடுத்தவன் கனவுல போயி என் பேரைச் சொல்லிருக்காரு. அதைப் போயி நீ வியாதிங்கிற. அந்த மிஷினை எடுத்துக்கிட்டுப் போ தாயி.”

கையைப் பின்னாடி கட்டிக்கிட்டாரு. ஆஷாப் பொண்ணு எவ்வளவோ கெஞ்சுச்சு. ம்ஹூம். அன்னைக்கு மாபுன்னி மட்டும் அவருக்குத் தெரியாம என் வீட்டுக்கு வந்து விரலை நீட்டினா. அவளுக்கும் இருந்துச்சு. அவ அதைப் புருஷன்கிட்டச் சொல்லல, என் வீட்டுல மாத்திரையை வச்சு என்கூடச் சேர்ந்து முழுங்குவா.

அந்த வருஷ மொகரத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, வீடு பெருக்குறப்பத் தரையில ரத்தக் கறை பார்த்துட்டா அவ. வாசல்லருந்து அடுப்படி வரைக்கும் சொட்டுச் சொட்டா இருந்துருக்கு. கடைசியில பார்த்தா அவரு உள்ளங்கால்ல மூட்டை தைக்குற ஊசி பாதி ஒடிஞ்சு உள்ள நிக்குது. எத்தனை நாளா நின்னுச்சோ! அந்த மனுஷன் அதோடயே மூட்டை தூக்கியிருக்காரு. டவுன்ல மருந்துக் கடைக்காரன் புடுங்கிப் போட்டுக் கட்டிவிட்டான். குழி மூடவே இல்ல, வாடை வேற.

“அண்ணி, இந்தக் காலோட நெருப்புல எறங்கினாருன்னா ஆளைப் பார்க்க முடியாது,”ன்னு சொன்னேன். அவ அழுதா. அப்புறம் ரெண்டு பேரும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஓபுள் ரெட்டி வீட்டுக்குப் போனோம்.

ரெட்டி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. தட்டுல சோள ரொட்டி. கால்ல மெத்து மெத்துன்னு ஒரு செருப்பு, வீட்டுக்குள்ளயே.

“ஐயா, ஒரே ஒரு வருஷம் பீரை நீங்க புடிங்கய்யா,”ன்னு மாபுன்னி கும்பிட்டா. “அவருக்குக் கால்ல குழிப் புண்ணு. வலியே தெரிய மாட்டேங்குது. நீங்க சொன்னாக் கேப்பாரு. நீங்க சொல்லித்தான் எறங்கினாரு.”

வலியே தெரிய மாட்டேங்குதுன்னு அவ சொன்னதும் ரெட்டி கையில இருந்த ரொட்டித் துண்டு அப்படியே நின்னுச்சு. எங்களைப் பார்க்கல. தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

“சாமி சொன்னதை நான் எப்படிம்மா மாத்துறது?”ன்னாரு. “பண்டிகை முடியட்டும். நானே கார் வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். செலவு என்னோடது.”

“பண்டிகைக்கு அப்புறம் எதைக் கூட்டிட்டுப் போவீங்க, காலையா, ஆளையா?”ன்னு கேட்டேன். மாபுன்னி என் கையைக் கிள்ளினா. ரெட்டி எந்திரிச்சு அந்த மெத்துச் செருப்போட உள்ள போயிட்டாரு.

அண்ணன் எறங்கினாரு. போன வருஷத்தைவிட மெதுவா நடந்தாரு. கட்டுத் துணி குண்டத்துலயே பத்திக்கிச்சு. ஜனம் அதைப் பார்த்து இன்னும் கத்துச்சு, சாமி நெருப்பாவே வந்துட்டாருன்னு. நான் ஒருத்திதான் “அடப் பாவிகளா, தண்ணி ஊத்துங்கடா!”ன்னு கத்தினேன். என் சத்தம் எங்க கேக்கும், அத்தனை தப்பட்டையில?

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு மனசு இல்ல. கால் கறுத்துச்சு. காய்ச்சல்ல பிதற்றினாரு. ரெட்டி சொன்னபடி கார் அனுப்பினாரு, அதுல குறை சொல்ல மாட்டேன். பெரியாஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. எடுக்கலேன்னா உயிர் போயிருக்கும். டாக்டரம்மா மாபுன்னிகிட்ட, “இவருக்குச் சக்கரை வந்து பத்து வருஷமாவது இருக்கும். ஒரு தடவைகூடவா பார்க்கல?”ன்னு கேட்டாங்க.

எனக்கு பயம், அண்ணன் இனி எந்திரிக்க மாட்டாருன்னு. ஆனா அந்த மனுஷன் எந்திரிச்சாரு. “செருப்பு வாங்குறதுல பாதி மிச்சம்,”னு சொல்லி நர்ஸையே சிரிக்க வச்சாரு. மாத்திரையை ஒழுங்கா முழுங்கினாரு. நான் பழம் எடுத்துக்கிட்டுப் போனப்ப, அவரே பேச்சை எடுத்தாரு.

“நீ சொன்னது நிஜம்தாம்மா. சக்கரை இருக்கு. காலு செத்துப் போயிருந்துச்சு, அதுவும் நிஜம். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்க.”

“விடுண்ணா அதை.”

“இரு. சூடு தெரியாதது வியாதின்னே வச்சுக்க. ஆனா கனவு? ரெட்டி கனவுக்கு என் வியாதியா போச்சு? இத்தனை பேரு இருக்க, அங்க வந்து என் பேரை யாரு சொன்னது?” சொல்லிட்டு முகமெல்லாம் சிரிக்கிறாரு. “கால் சாமிக்குன்னு போச்சு. பேரு எனக்கு இருக்கு.”

அது எப்படியோ இருக்கட்டும், அதைப் புடிச்சுக்கிட்டுதான் அந்த மனுஷன் உக்காந்திருக்காரு. அந்த ஒரு கனவுலதான் நின்னாரு அவரு, கட்டைக் காலுல இல்ல.

வீட்டுக்கு வந்த அப்புறமும் ஜனம் வந்துச்சு. கைப்புள்ளைங்களைத் தூக்கிட்டு வந்து ஓதி ஊதச் சொல்லுவாங்க. ஊதுவாரு. அக்கம்பக்கத்துல யாராவது மயக்கமா வருது, கால் எரியுதுன்னா, “ஆஷாப் பொண்ணுகிட்டப் போயி விரலை நீட்டு, என்னை மாதிரி முட்டாளா இருக்காத,”ன்னு அவரே வெரட்டுவாரு. சாமியும் இருந்துச்சு அவருக்கு, புத்தியும் வந்துச்சு. ஒரு ஆளுக்கு வயசான காலத்துல வேற என்ன வேணும்?

அடுத்த மொகரம் கிட்ட வந்துருச்சு. ஒருநாள் சாயங்காலம் கார் சத்தம் கேட்டு வெளிய வந்தேன். ஓபுள் ரெட்டி எறங்குறாரு, ஒரு கையில ஊன்றுகோல். அவரு கால் கட்டைவிரலை பெங்களூர்ல எடுத்துட்டாங்களாம். சின்னக் கொப்புளம், உடனே கவனிச்சதால விரலோட போச்சு. அண்ணன் வீட்டுக்குள்ள ரெட்டி நுழைஞ்சது அதுதான் மொதத் தடவை. மாபுன்னி பதறிப் போயிக் கட்டில் மேல துப்பட்டி விரிச்சா. நானும் பின்னாடியே போயி வாசப்படியில நின்னேன். ரெட்டி அண்ணன் பக்கத்துல உக்காந்து அவரு கையை எடுத்துத் தன் ரெண்டு கையிலயும் வச்சுக்கிட்டாரு.

“தஸ்தகிரி, எனக்குத் தூக்கம் இல்லடா. விரல் போன அன்னைக்கிலருந்து இல்ல. உன்கிட்டச் சொல்லிட்டாத்தான் எனக்கு நிம்மதி.”

“என்னங்கய்யா இப்படியெல்லாம்...”

“எனக்குக் கனவு வரல.”

அண்ணன் சிரிச்ச முகமாத்தான் இருந்தாரு இன்னும். புரியல அவருக்கு.

“பெங்களூர் டாக்டர் என் உள்ளங்கால்ல கம்பியை வச்சுச் சூடு தெரியுதான்னு கேட்டாரு. தெரியல. இனிமே வீட்டுக்குள்ளகூட வெறுங்கால்ல நடக்காத, குண்டத்துப் பக்கமே போகாதன்னாரு. நான் பயந்து விட்டுட்டேன்னு ஊருக்கு எப்படிச் சொல்றது? மூணு தலைமுறை உரிமை. அதான் சாமி கனவுல வந்தாருன்னு சொன்னேன். நீ களத்துல நின்னதைப் பார்த்திருந்தேன், உன் பேரு வாயில வந்துச்சு. உழைக்கிற உடம்புக்கு இந்த வியாதி வராதுன்னு நெனச்சேன்டா. சத்தியமா நெனச்சேன். அப்புறம் இவங்க வந்து வலி தெரியலன்னு சொன்னப்ப எனக்குப் புரிஞ்சு போச்சு. அப்பவும் சொல்லல. என்னை மன்னிச்சுரு.”

ரெட்டி அழுதாரு. பொய் அழுகை இல்ல, நிஜமாவே அழுதாரு. அண்ணன் தன் கையை உருவிக்கல.

“பரவாயில்லைங்கய்யா,”ன்னாரு. “அழாதீங்க. மாபு, ஐயாவுக்கு டீ போடு. சக்கரை போட்டுறாத.”

ரெட்டி டீ குடிச்சாரு. துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சாரு. வந்தப்ப இருந்த பாரம் போயி, நடையே லேசா ஆயிருச்சு அவருக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்துச்சோ. கார் கதவைப் புடிச்சுக்கிட்டேன்.

“சொல்ல வேண்டிய அன்னைக்கு வாயில என்ன வச்சிருந்தீங்க? சோள ரொட்டியா? அன்னைக்குச் சொல்லியிருந்தா ஒரு கால் மிஞ்சியிருக்கும். இன்னைக்குச் சொல்லி யாருக்கு என்ன மிஞ்சுச்சு? உங்களுக்குத் தூக்கம் வரணும்னு, அவருகிட்ட மிச்சம் இருந்ததையும் வழிச்சு எடுத்துக்கிட்டுப் போறீங்களே!”

தெருவே வேடிக்கை பார்த்துச்சு. ரெட்டி கார் கண்ணாடியை ஏத்திக்கிட்டாரு. மறுநாள்லருந்து எனக்கு மில்லுல வேலை இல்லன்னுட்டாங்க. போகட்டும்.

திரும்பி உள்ள வந்தேன். விளக்கு போடல யாரும். அண்ணன் அதே இடத்துல உக்காந்திருந்தாரு.

“சுங்குலம்மா,”ன்னாரு. “அப்ப என்னை யாரும் கூப்பிடல, இல்ல?”

ஊரு வாயை அடைக்கிறவன்னு எனக்குப் பேரு. எந்திரிச்சுப் போயி விளக்கைத்தான் போட்டேன்.

அதுக்கப்புறம் அவரு மாத்திரையைத் தலைகாணிக்கு அடியில தள்ளிட்டாரு. புள்ளைங்களைத் தூக்கிட்டு வந்தவங்களை, உடம்பு சரியில்லன்னு மாபுன்னி திருப்பி அனுப்பினா. சோறு வச்சா ரெண்டு வாய். நான் திட்டினேன், கெஞ்சினேன், கால்ல விழுந்தேன், இருந்த ஒரு கால்ல. “வயித்துக்குப் பிடிக்கலம்மா,”ன்னு அவ்வளவுதான். கோவம்கூட இல்ல அந்த மனுஷனுக்கு. கோவப்பட்டிருந்தா ஒருவேளை பொழைச்சிருப்பாரு.

மொகரம் கடைசி நாள். இந்தத் தடவை பெரிய பீரைத் தூக்குனது ரெட்டியோட மச்சான் பையன். குண்டம் மிதிச்சுட்டு ஊர்வலம் எங்க தெருவுக்குள்ள வந்துச்சு. யாரும் சொல்லாமயே தப்பட்டை அவரு வீட்டு முன்னாடி நின்னுருச்சு. ஜனத்துக்கு ஒண்ணும் தெரியாது, அவங்களுக்கு அவரு இன்னும் சாமிதான். சாவடியில நின்ன கிழவனுங்க, இடுப்புல புள்ளையோட பொம்பளைங்க, லாரி க்ளீனருங்க, எல்லாம் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு, “தஸ்தகிரி சாமி! தஸ்தகிரி சாமி! வெளிய வாங்க சாமி!”ன்னு கூப்பிடுறாங்க. நான் உள்ள அவரு தலைமாட்டுல உக்காந்திருந்தேன். மாபுன்னி ஓடி வந்து அவரு தோளைத் தொட்டு உலுக்கினா.

“என்னங்க, கூப்பிடுறாங்க. ஊரே நிக்குது. ஒரு தடவை முகத்தைக் காட்டுங்க.”

அவரு கண்ணைத் தொறந்து வாசல் பக்கம் பார்த்தாரு. நல்லாக் காது குடுத்துக் கேட்டாரு.

“வேற யாரையோ கூப்பிடுறாங்க, மாபு,”ன்னு சொல்லிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.